மிருதங்கத்துக்கு எல்லை இல்லை

"மிருதங்கம் கொலோனுக்குப் போகலாம் அண்ணை. நான்தான் போக ஏலாது."

ஜெர்மனியின் எசன் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த இளைஞன்தான் இப்படிச் சொன்னான். மடியில் மிருதங்கம். பக்கத்தில் ஒரு மீசைக்காரர்.

"ஆர் உன்னைக் கூப்பிட்டது?"

"இசை எழுதுற இங்கிலீஷ்காரர் ஒருத்தர். இங்கை தேவாலய மண்டபத்திலை என்ரை வாசிப்பைக் கேட்டவர். கொலோன் கச்சேரிக்கான தன்ரை புது இசையிலை எனக்கெண்டே ஒரு பகுதி எழுதியிருக்கிறார்!"

"பெரிய ஆளோ?"

"அவரின்ரை முதல் கச்சேரியிலை பாதிச் சனம் எழும்பிப் போயிட்டுதாம். பிறகு கனகாலம் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவர். அறுபது வயசிலைதான் பேர் வந்தது."

"அப்ப உனக்கும் காலம் கிடக்கு. அனுமதிக்கு அன்ட்றாக் எழுதிப் போட்டியோ?"

"போட்டனான். அகதி வழக்கு முடியுமட்டும் எசனைத் தாண்டக்கூடாதாம்."

மேன்முறையீடு செய்யலாம். கச்சேரி முடிந்து, இசையமைப்பாளரும் காலமான பிறகு சாதகமான பதில் வரும். அரசாங்க அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த எனக்கு அது தெரியும்.

"பிறகேன் தம்பி பல்லைக் காட்டுறாய்?"

"அவரிட்டைச் சொன்னன் அண்ணை. 'என்ரை எழுபது பேரையும் ஒருத்தரும் மறிக்கமாட்டினம்தானே' எண்டார். சனிக்கிழமை முழு ஓர்கெஸ்ட்ராவும் இங்கை வருது, அதே மண்டபத்துக்கு!"

"எழுபது பேரோ! அந்தச் சின்ன மண்டபத்திலை சனம் எங்கை இருக்கிறது?"

"இருக்கேலாது. நிண்டுதான் கேக்கவேணும். இந்தமுறை ஒருத்தரும் எழும்பிப் போகேலாது அண்ணை!"