சவ்வைத் தாண்டும் சர்க்கரை

— டேய் தம்பி, ஸ்கிரீனைத் தொடாதே. ரேகை படியுது.

— தொடலைக்கா... காட்டினேன். இந்தக் கோடு ஏன் பாதியிலேயே படுத்துடுச்சு?

— அதைச் சொல்லத்தான் லேப்ல இருந்து ஓடி வரச் சொன்னேன். உக்காரு.

— எங்க உக்கார்றது? நாற்காலி பூரா பேப்பர்.

— கீழ தள்ளு. பசங்க எழுதின பரீட்சைதான். பாதிக்கு மேல முட்டை.

— கணக்குப் பேராசிரியை பேசுற பேச்சா இது!

— சும்மா கேளு. ரத்தச் செல்லைச் சர்க்கரைத் தண்ணியில விட்டே. எவ்வளவு வேகமா சர்க்கரை உள்ள போகுதுன்னு அளந்தே. சரியா?

— சரி.

— செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு லேசுல சர்க்கரையை விடாது. ஏத்திக்கிட்டுப் போய் அக்கரையில இறக்கிவிட ஒரு புரதம் வேணும். படகு மாதிரி...

— அது எனக்குத் தெரியாதா? லேப்ல என்ன பஞ்சு வித்துக்கிட்டா இருக்கேன்?

— தெரிஞ்சா வாயை மூடு. கரையில கூட்டம் கூடக் கூட வேகம் ஏறும். படகெல்லாம் நிரம்பிட்டா?

— அதுக்கு மேல எவ்வளவு சர்க்கரை ஊத்தினாலும்...

— ஏறாது. கோடு படுத்துடும். மேல இருக்கிறது நோயில்லாத ஆளோட ரத்தம். கீழ இருக்கிற புள்ளியெல்லாம் நீ கொடுத்த பேஷண்ட். இப்ப என் சமன்பாட்டுல ஒரே ஒரு எண்ணை மாத்தறேன்... படகு பாதி. பாத்துக்கோ.

— எல்லாப் புள்ளியும்... கோட்டு மேலயே உக்காந்துடுச்சே!

— ஒண்ணு கூட விலகலை. நேத்து இதைப் பாத்துட்டு ஜன்னலைத் திறந்து அப்படியே நின்னேன். காபி ஆறிப்போச்சு.

— கண்ணுக்கே தெரியாததை... புல்லரிக்குதுக்கா.

— இன்னும் இருக்கு. சர்க்கரையைப் பிடிக்கிற பிடியில குறையே இல்லை. இருக்கிற படகு ஒவ்வொண்ணும் நல்லா ஓடுது. எண்ணிக்கைதான் கம்மி.

— அப்போ மூளைக்கு...?

— மூளை வாசல்லயும் இதே படகுதான். ரத்தத்துல சர்க்கரை இருந்தும் மூளைக்குப் பட்டினி. வெறும் வயித்துல கை கால் இழுக்கும், கண்ணு சுழலும்...

— சாப்பிட்டா கொஞ்சம் தெளியும். வலிப்பு மாத்திரைக்கு அடங்கவே அடங்காது.

— ம்... அதெல்லாம் யார் சொன்னா?

— அது... ஃபைல்ல இருந்துச்சு.

— ம்.

— இதுக்கு வழியே இல்லையாக்கா? சர்க்கரையைக் கூடக் கொடுத்தா?

— படகே பாதி. கூட்டத்தைக் கூட்டி என்ன பண்றது? ஆனா... கொழுப்பை எரிச்சு உடம்பு வேற ஒரு தீனி தயாரிக்கும். அது உள்ள போறதுக்கு வேற படகு. அந்த வழி திறந்திருக்கு.

— மூளை அதைச் சாப்பிடுமா?

— சாப்பிடும். கொழுப்பு நிறைய, மாவு கம்மியா ஒரு சாப்பாட்டு முறை. டாக்டர் பக்கத்துல இருந்து பண்ணணும். மரபணு டெஸ்ட் எடுத்து உறுதியும் பண்ணிக்கணும். நரம்பு டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன், குழந்தையைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வரச் சொன்னாங்க.

— அக்கா... பேஷண்ட் குழந்தைன்னு நான் சொல்லவே இல்லையே.

— நீ சொல்லித்தான் தெரியணுமா?

— என் பொண்ணுன்னு தெரிஞ்சா உனக்குக் கணக்கு ஓடாதுன்னுதான்...

— அத்தைக்காரிக்கு மருமகளைத் தெரியாதாடா? எங்கயாவது தப்பு இருந்துடாதான்னு வரி வரியா தேடினேன். இல்லை. இந்தக் கணக்கு சரியா வந்தாத்தான் நம்ம குட்டிக்கு வழின்னு நேத்துதான் உறைச்சுது, ஜன்னல்கிட்ட நின்னு நல்லா அழுதுட்டேன். இப்ப உன் முறை... அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, பொண்டாட்டிக்குப் போனைப் போடு.