முட்டை இறக்கும் மிசினைப் பொளந்து காட்டும் படம்

சென்னியப்பன்: இது வேண்டாம் அம்மிணி. இதுல பல்சக்கரம் அந்தரத்துல மெதக்குது.

மோகனப்பிரியா: இது கார்ட்டூன் சாப்ட்வேருங்க ஐயா, ஓசி. படத்த ஆட்டும், அவ்வளவுதான்.

சென்னியப்பன்: பாரு, ஒரு சக்கரத்துக்குள்ள இன்னொண்ணு பூந்து போவுது! நம்ம மிசினுல அப்படிப் போனா ஷெட்டே எந்திரிச்சு ஓடிரும்.

மோகனப்பிரியா: அப்ப போன நடை வந்தப்பப் போட்டது? சொன்னா தானா வரையறது...

சென்னியப்பன்: அது முட்டைக்குள்ள பல்சக்கரத்த வெச்சிருச்சு. அத இடோணும்னா கோழி இரும்பு திங்கோணும்.

மோகனப்பிரியா: இன்னொண்ணு இருக்குதுங்க. ஆனா நேரமாகும். நாளான்னிக்கு வாங்களேன்.

சென்னியப்பன்: நாளான்னிக்கா? கூட்டம் நாளைக்குக் காத்தால! எந்திரப் படத்தச் சுத்த வெக்கறதுன்னா நாமக்கல்லுல உன்ற கடைதான்னு சொன்னாங்கன்னு எருமப்பட்டியில இருந்து இதோட மூணு நடை வந்துட்டேன். அங்க நாப்பது கோழிப்பண்ணைக்காரங்க உக்காந்திருப்பாங்க. உங்கப்பாவும் வாராரில்ல?

மோகனப்பிரியா: ம்... வருவாருங்க.

சென்னியப்பன்: போன கூட்டத்துக்கு மிசினையே டெம்போவுல ஏத்திட்டுப் போனேன். மேல கூண்டுல இருந்து முட்டை ஒவ்வொண்ணா எறங்கி வந்து அட்டையில உக்காருது. ஒருத்தரும் நம்பல. உள்ள ஆள் உக்காந்து எடுத்துக் குடுக்கறான்னுட்டாங்க!

மோகனப்பிரியா: அத்தனூண்டு டப்பாவுக்குள்ளயா?

சென்னியப்பன்: எனக்கே சந்தேகம் வந்து தட்டிப் பாத்தேன். பதில் வரல.

மோகனப்பிரியா: சிரிக்க வெக்காதீங்க ஐயா, மவுஸ் நழுவுது.

சென்னியப்பன்: அதான் பொளந்து காட்டோணும். பாதியா வெட்டுன மாதிரி, உள்ள சுத்தறது பளிச்சுன்னு தெரியோணும். நாளைக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா நாப்பது பண்ணையிலயும் நம்ம மிசினு. இல்லீன்னா நாலு வருச ஒழைப்பும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

மோகனப்பிரியா: சரிங்க... இது இன்ஜினியருங்க வெச்சிருக்கறது. அளவு, எடை எல்லாங் குடுத்தா நெசமா ஓட்டிப் பாத்தே சொல்லிரும். முட்டை எத்தனை கிராமு?

சென்னியப்பன்: அம்பத்தஞ்சு.

மோகனப்பிரியா: நீங்க வரைஞ்சு குடுத்த படத்துல மூணாவது சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல எத்தனை போட்டிருக்கறீங்க?

சென்னியப்பன்: நாலு சென்டி.

மோகனப்பிரியா: முட்டை அகலம்?

சென்னியப்பன்: நாலேகாலு. கொஞ்சம் இறுக்கிப் புடிச்சாத்தான உழுகாது?

மோகனப்பிரியா: ...ஓட்டறேனுங்க.

சென்னியப்பன்: அட, ஜோரா சுத்துது! ஏன் அங்க மட்டும் செவப்பா ஆகுது?

மோகனப்பிரியா: ஐயா... முட்டை ஒடையுதுங்க.

சென்னியப்பன்: எந்த முட்டை?

மோகனப்பிரியா: எல்லா முட்டையும். நூறு உட்டா நூறும்.

சென்னியப்பன்: அடக் கெரகமே! இந்தக் கம்ப்யூட்டரு எத்தனை கோழி வளத்துச்சு?

மோகனப்பிரியா: மறுக்கா ஓட்டறேன், இருங்க... ஐயோ. அதேதானுங்க.

சென்னியப்பன்: அந்த ஓசிதையே போடு சாமி. தங்கமான சாப்ட்வேரு. எதுத்துப் பேசறதில்ல.

மோகனப்பிரியா: வெளையாடாதீங்க! உங்க மிசினுல முட்டை ஒடைஞ்சதே இல்லீங்களா? நெசமாச் சொல்லுங்க.

சென்னியப்பன்: ஓட்டுல ஒரு கீறல் உழுந்திருக்கும். ஒரு சொட்டு ஒழுகுனதில்ல. தெனம் முப்பது முட்டை, நாலு வருசமா! ஊருல வந்து கேளு.

மோகனப்பிரியா: கீறல் உழுந்தும் ஒழுகலீங்களா? அதெப்படிங்க?

சென்னியப்பன்: அதான் மிசினு! ஆமா, உனக்கென்னத்துக்கு இப்படி வேர்க்குது? ஏசி ஓடுது...

மோகனப்பிரியா: ஓட்டி முடிச்ச முட்டைய என்னங்க பண்ணுவீங்க? விப்பீங்களா?

சென்னியப்பன்: எங்க விக்கறது? சாயங்காலம் ஊட்டுல எல்லாரும் உக்காந்து உரிச்சுத் திங்கறதுதான்.

மோகனப்பிரியா: ...உரிச்சா?

சென்னியப்பன்: ஓட்டோடவா திம்பாங்க?

மோகனப்பிரியா: ஐயா! அவிச்ச முட்டையவா மிசினுல உட்டீங்க?

சென்னியப்பன்: பின்ன? எம் பொஞ்சாதி செல்லாயி பச்ச முட்டையத் தருவாளா? "கீழ உழுந்தா மண்ணோட போயிரும், அவிச்சுத் தாரேன், சுத்தி முடிச்சுக் கொண்டாங்க, கொழம்புல போடோணும்"ங்கறா. நாயந்தான?

மோகனப்பிரியா: கூட்டத்துலயும்...?

சென்னியப்பன்: அதேதான். எல்லாருத்துக்கும் தின்னக் குடுக்கலாம்னு மொளகுத்தூளும் கொண்டுபோனேன். அவுங்க ஆளத் தேடிட்டு மிசினுக்குப் பொறகால போயிட்டாங்க.

மோகனப்பிரியா: போச்சு... எல்லாம் போச்சு...

சென்னியப்பன்: அவிச்சாலும் முட்டை முட்டைதான அம்மிணி? போகப் போறது என்ற மானம், நீயேன் மொகம் வெளுத்துப் போயி உக்காந்திருக்கற? போன் அடிக்குது பாரு. அப்பான்னு வருது. எடு.

மோகனப்பிரியா: எடுக்க மாட்டேனுங்க.

சென்னியப்பன்: மறுக்காவும் அடிக்குது. என்ன அவசரமோ, பெத்தவரு...

மோகனப்பிரியா: என்னைய மன்னிச்சுருங்க ஐயா. உங்கள நாளான்னிக்கு வாங்க, நாளான்னிக்கு வாங்கன்னு இழுத்தடிச்சது அவரு சொல்லித்தான். நீங்க குடுத்த படத்த நாந்தான் அவருக்கு அனுப்பிச்சேன். தான் கண்டுபுடிச்ச மிசினுன்னு நாளைக்குக் கூட்டத்துல காட்டறதுக்காக, பட்டறையில குடுத்து அச்சு அசலா அதே மாதிரி செஞ்சு, இன்னிக்குக் காத்தால எங்க பண்ணையில மாட்டி ஓட்டி உட்டுட்டாரு... இருபதாயிரம் முட்டைங்க, அத்தனையும் பச்ச முட்டை... இந்தாங்க, இப்ப மெசேஜ் வந்திருக்குது, நீங்களே படிங்க: "இத எப்படி நிறுத்தறது?"