பதினொன்றாம் முறை வந்த சொல்

அருளே வடிவான ஆண்டவன் பெயரால் தொடங்குகிறேன். அவைக்குத் தலைமையேற்ற ஹாஜி ஸைஃபுல்லா அவர்களே, இந்தப் படத்தை எடுத்து, எங்கள் ஊரான காஷானுக்கே கொண்டுவந்து காட்டிய இயக்குநர் மஹ்தாப் அம்மையாரே, பஞ்சுத் தூசி படிந்த நெஞ்சோடு முன்வரிசையில் இருமிக்கொண்டிருக்கும் மூத்த நெசவாளர்களே, தடுப்புத் துணிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, அனைவருக்கும் ஸலாம்.

சற்றுமுன் படத்தில் ஒரு தொழிலாளி அழுதார். நீங்களும் அழுதீர்கள். அவர் என் கணவர் யதுல்லா. அருமையான நடிப்பு என்றீர்கள். எது நடிப்பு?

மூன்றாண்டுகளுக்கு முன், ஆலை மேலாளர் தறிக்கூடத்தாரைக் கூட்டி, "ஒருத்தரைக் குறைச்சாகணும். யாரைப் போகச் சொல்லுவேன்? மனசே வரல" என்று கலங்கினார். நம் ஊரில் சட்டை நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னாலே, "உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க" என்போம். மூன்று முறை நீட்டுவோம். மூன்று முறையும் மறுப்பார். சட்டை நம் உடம்பிலேயே இருக்கும். அதே பழக்கத்தில் என் கணவர் எழுந்து, "ஐயா, நீங்க கலங்கலாமா? என் வேலை உங்க காலடிக்குக் காணிக்கை" என்றார்.

மேலாளர் முதல் முறையிலேயே எடுத்துக்கொண்டார்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நம்மில் யார்தான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம்?

"தாராளப் பிரபுவே, நாளைக்கு என்னையும் தூக்கிக் குடுத்துடுவீங்களா?" என்று வீடு திரும்பியவரைக் கேட்டேன்.

"வேண்டாம்பாருன்னு நெனச்சேன், இஃபத்" என்றார்.

இரண்டாண்டுகள் வேலை கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். பிறகு படக்குழு வந்தது. வேலை போனவராக நடிக்க, வேலை போனவரையே தேடினார்கள். மேலாளராக நடித்தவர் முன் நின்று, 'போகமாட்டேன்' என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். இவரோ, "உங்க இஷ்டம் ஐயா, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். பத்து முறை எடுத்தார்கள். பத்து முறையும் வாழ்த்தினார்.

"அண்ணா, அவர் வெறும் நடிகர். அவர்கிட்டயுமா இவ்வளவு மரியாதை?" என்றார் மஹ்தாப் அம்மையார்.

பதினொன்றாம் முறை அந்தச் சொல் வந்தது. "போகமாட்டேன். இருபத்திரண்டு வருஷம் நான் ஓட்டின தறி. என் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஊர் அழுதது, உலகம் அழுதது. தறி அசைந்ததா? தாழ் திறந்ததா?

நாக்கு பழகிவிட்டது என்ற துணிச்சலில் போன சனிக்கிழமை ஆலை வாசலுக்கே போனார். நான் பின்னால் நின்றேன். உண்மையான அந்த மேலாளரிடம் நடுங்காமல் சொன்னார்: "நான் போகமாட்டேன் ஐயா. என் வேலையைத் திருப்பிக் குடுங்க."

மேலாளரின் கண்கள் கலங்கின. "தலைநகர்லயே படம் பார்த்துட்டேன் யதுல்லா. என் சம்சாரம் தேம்பித் தேம்பி அழுதா. நேர்ல இன்னும் பிரமாதமா நடிக்கிறீங்க" என்றார். கைதட்டினார். காவலாளியும் தட்டினார். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கலையைக் குறைசொல்ல வரவில்லை, மஹ்தாப் அம்மா. வாயில்லாதவருக்கு ஒரு சொல் கொடுத்தீர்கள். அந்தச் சொல்லை அவர் இனி எங்கே போய்ச் சொல்வார்? இறைவன் கேட்கிறான், அறிவேன். மனிதரில் ஒருவர் கேட்க வேண்டாமா?

மூன்றாம் வரிசையில் என் கணவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். பொன்னாடை போர்த்த இப்போது அவரை அழைக்கப்போகிறீர்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டு அடுப்புகள் அணையாதிருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டு விடைபெறுகிறேன்: அவர் மேடையேறி வரும்போது யாரும் கைதட்டாதீர்கள்.