பத்தாவது தடவை

ஹலோ... ஹலோ, மங்கதாயாரு அக்காவா? நான் கொண்டபாபு பேசறேன், காக்கிநாடாவுலேருந்து... டேப்லெட் ரிப்பேர் கடை... ஆமா, ஆமா. உங்க பொண்ணு லாலித்யாவோட டேப்லெட் எங்கிட்டதான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் அப்பாராவ் அண்ணன் காலையில குடுத்துட்டுப் போனாரு...

என்னது? உங்களுக்குச் சொல்லலையா?... அக்கா... அக்கா, அழாதீங்க. அவரத் திட்டாதீங்க. பொண்ணு தவறினதுலேருந்து மூணு மாசமா நீங்க தறியில உக்காரல, இந்த டேப்லெட்டையே பாத்துட்டிருக்கீங்கன்னு அவரும் அழுதாரு...

ஆமா. மேல் கண்ணாடியக் கழட்டிட்டேன். புதுசு மாட்டியிருக்கேன்...

தெரியும்க்கா. பூட்டு நம்பர் கேக்கற எடத்துல தானா நம்பர் விழும். நானும் பாத்தேன்... இல்ல, சிரிக்கல. பதினஞ்சு வருஷமா இதே வேலைதான், இந்தக் கோளாறு எத்தனையோ பாத்திருக்கேன். ஆனா அவதான் அழுத்தறான்னு நீங்க நம்பறத அண்ணன் சொன்னதுக்கப்புறம்... கை வைக்க வரல. ஒவ்வொரு நம்பரா, யாரோ யோசிச்சு யோசிச்சு அழுத்தற மாதிரி...

இல்லக்கா. அவ இல்ல. ஆட்டோ கவுந்தப்போ பைக்குள்ள கண்ணாடி ஒடைஞ்சுதில்ல? விரல் படறத உணர்ற படலம் அதுக்கு அடியிலதான் ஒட்டியிருக்கு. அது கிழிஞ்சு, யாரும் தொடாமலே தொட்டதா நெனச்சுக்குது... ஆமா, அவ்ளோதான்...

பழைய கண்ணாடியவே மாட்டவா? மாட்டலாம். ஆனா கேளுங்க... கேளுங்கக்கா! நான் பாத்துட்டிருக்கறப்பவே ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கிச்சு. அப்படீன்னா ஒன்பது தடவை தப்பான நம்பர் விழுந்திருக்கு. பத்தாவதும் தப்பாச்சுன்னா உள்ள இருக்கறது பூராவும் அழிஞ்சிடும். அவ வரைஞ்சது, போட்டோ, எல்லாம். பழசை மாட்டினா பத்தாவதையும் அதுவே அழுத்திடும்...

உள்ள வரப் பாக்கறாளா?... அக்கா. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். அவ வெச்ச நம்பர் அவளுக்குத் தெரியாதா? அவளா இருந்தா ஒன்பது தடவை தப்பா அழுத்துவாளா?

...

அவ வெச்ச நம்பரக் கண்டுபிடிச்சாத்தான் தொறக்க முடியும்க்கா.

சரி. சரி, மெதுவா யோசிங்க. நாலு நம்பர். பொறந்தநாள் வேண்டாம், குத்துமதிப்பா எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வாய்ப்புதான்...

என்ன சொல்லுவா?... ரேஷன் கடையில போன் நம்பர் கேட்டா நீங்க முழிப்பீங்க... ம்... "உன் நம்பர் உனக்குத்தான் வாயில வராது, என் விரல்ல இருக்கு"ன்னு... எப்ப சொல்லுவா? இதத் தொறக்கறப்பவா?... நிச்சயமா?... உங்க போன் நம்பர்ல கடைசி நாலு. சொல்லுங்க... இப்பவும் வராதா? பரவாயில்ல, பரவாயில்ல, அந்த நம்பருக்குத்தானே பேசிட்டிருக்கேன். இருங்க, பாக்கறேன்... ஏழு... ஒண்ணு... ஒண்ணு... நாலு...

அக்கா, கடைசியா கேக்கறேன். போடவா?

...

தொறந்துடுச்சு. அக்கா, தொறந்துடுச்சு!... இருக்கு, இருக்கு, எல்லாம் இருக்கு. ஒரு படம் அப்படியே பாதியில நிக்குது... சொல்றேன், சொல்றேன். ஒரு பொம்பள தறியில உக்காந்திருக்காங்க. பின்னாலேருந்து வரைஞ்சிருக்கா. கொண்டையில கனகாம்பரம். கழுத்துக்குக் கீழ, எடது பக்கம், ஒரு மச்சம்... உங்களுக்குத் தெரியாதா? உங்க முதுகு உங்களுக்கு எப்படித் தெரியும்... அவ பாத்திருக்கா. பின்னால உக்காந்து பாத்துட்டே இருந்திருக்கா...

...

வாங்க. இப்பவே வாங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க... பேசிட்டே கெளம்பிட்டீங்களா?... இல்லக்கா, திரை அணைஞ்சா என்ன? நம்பர்தான் தெரியுமே, மறுபடி தொறக்கலாம்... சரி. சரி சரி. அணைய விடல. நீங்க வர்ற வரைக்கும் இதுக்கு எதிர்லயே உக்காந்திருக்கேன். திரை மங்க ஆரம்பிச்சா ஒரு தடவை விரல் வைக்கறேன்... ஆமா, மெதுவாத்தான்... அவ வரைஞ்சது மேல படாம, ஓரத்துல... பஸ் வந்துடுச்சா? ஏறுங்க, ஏறுங்க, பாத்து... ஹலோ?...