முப்பத்தொரு சதவீதம்

நந்தனா: …அதுக்கில்ல காக்கா, கோட்டு உங்களுக்குக் கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா மேடையில வெளக்கு நேரா மூஞ்சியில அடிக்கும். வேர்த்து ஊத்தும்.

கமருதீன்: வேர்க்கவா? இந்த ரூமுல நெய்மீன கொண்டு போட்டா ஒரு வாரம் கெடாம கெடக்கும். ஏசிய எத்தனையில வச்சிருக்கு?

நந்தனா: பதினெட்டு.

கமருதீன்: பேஷ். அரசாங்கத்துக்க மின்சார சிக்கன மாநாடு. அங்க மெட்ராஸ்காரரு மைக்கப் பிடிச்சு, ‘இருபத்தாறுக்குக் கீழ வைக்காதீங்க’ன்னு ஒரு மணிக்கூறா பேசிட்டு இருக்காரு.

நந்தனா: இது அவரு இருந்த ரூமுதான். பதினெட்டு வேணும்னு கேட்டதும் அவருதான்.

கமருதீன்: ஹ… நல்லாருக்கு. மோளே, ஒண்ணு கேக்கட்டா? அழைப்புப் பத்திரிகையில என் பேருக்கு மேல ‘முதன்மை உரை’ன்னு போட்டிருக்கு. அவரு பேருக்கு மேலயும் அதுதான் போட்டிருக்கு. முதன்மைன்னா ஒண்ணுதான இருக்கணும்?

நந்தனா: இங்க ரெண்டு. அவரு படிச்சதப் பேசுவாரு. நீங்க செஞ்சதப் பேசணும்.

கமருதீன்: குளச்சல்ல ஐஸ் பிளான்டு வச்சு இருபத்தாறு வருசம் ஆச்சு. இதுக்கு முன்ன கவர்மென்டு என்னைக் கூப்பிட்டது ரெண்டே தடவ. அமோனியா வாடை அடிக்குன்னு ஒரு தடவ. கழிவு வெள்ளம் ரோட்டுல ஓடுகுன்னு ஒரு தடவ. ரெண்டு தடவையும் நிக்க வச்சுத்தான் பேசினானுவ. இண்ணைக்குப் பாரு… நாகர்கோவில்ல, இம்புட்டு பெரிய ஹால்ல, மேடையில நாற்காலி. வீட்டுக்காரி ஹமீதா ஏழு மணிக்கே கெளம்பிட்டா. முன் வரிசையில இருக்கா.

நந்தனா: பாத்தேன். மைனிக்குப் பச்சை சேல நல்லாருக்கு.

கமருதீன்: இதுக்குன்னே எடுத்தது.

நந்தனா: பேச்ச எழுதிட்டு வந்தியளா?

கமருதீன்: எழுதாம? கேளு. ‘பெரியோர்களே… நான் படிக்காதவன். நான் செய்தது ஒரே ஒரு காரியம். கம்ப்ரசர் மோட்டாருக்கு ஒரு கருவி வச்சேன். முன்னால மோட்டாரு எப்பவும் ஒரே வேகத்துல ஓடும். இப்பம் தேவைக்குத் தக்கன கூட்டும், கொறைக்கும். மின்சாரச் செலவு முப்பத்தொரு சதவீதம் கொறஞ்சுது. என் சக ஐஸ் பிளான்டு உரிமையாளர்களே, நீங்களும் நம்பி வையுங்க.’ இந்த எடத்துல கை தட்டுவாவ. கொஞ்சம் நிறுத்தணும்.

நந்தனா: முப்பத்தொண்ணுன்னே சொல்லப் போறியளா?

கமருதீன்: பின்ன? நீ போட்ட கணக்குதான?

நந்தனா: நான் போட்டதுதான். கீழ என் பேருதான் இருக்கு. நந்தனா, ஒப்பந்தப் பொறியாளர்.

கமருதீன்: அந்த ஒப்பந்தம்ங்கறத விடு. இந்த மாநாடு நல்லா முடிஞ்சா உனக்கு வேலை நிரந்தரம்னு உங்க ஆபீஸு பெரிய சாரு என்கிட்டயே சொன்னாரு.

நந்தனா: என்கிட்டயும் சொன்னாரு… காக்கா, ஒரு சந்தேகம். குளச்சல்ல மீன்பிடித் தடை எப்பம்? பெரிய போட்டெல்லாம் கரையில கெடக்க மாசம்.

கமருதீன்: எப்பம்னா… எல்லா வருசமும் வாறதுதான.

நந்தனா: மாசம் கேட்டேன்.

கமருதீன்: அது… வெயிலு மாசம்… இந்த ராஜையன் எங்க போய்த் தொலைஞ்சான்? ஒரு சாயா வாங்க மார்த்தாண்டம் வரைக்குமா போவான்?

ராஜையன்: வந்தாச்சு மொதலாளி. கீழ சாயா தரமாட்டானாம். கழுத்துல அட்டை இருந்தாத்தான் தருவானாம். நான் சொன்னேன், எடே, முதன்மை உரைக்க பிளான்டுல கம்ப்ரசர் ஓட்டுகவன் நான்தான்னு. அவனுக்கு அது வெளங்கல்ல.

கமருதீன்: பிறவு எப்பிடி வாங்கின?

ராஜையன்: தேங்காப்பட்டணத்துல ஐஸ் பிளான்டு வச்சிருக்க சஜ்னா இருக்காவல்லா, அவியளுக்க அட்டைய வாங்கிட்டுப் போனேன். போட்டாவுல பொம்பள. அவன் பாக்கவே இல்ல.

நந்தனா: ராஜையண்ணே, உங்க கடப்புறத்துல தடை எப்பம்?

ராஜையன்: மீன்பிடித் தடையா? ஜூன் ஒண்ணு தொட்டு ஜூலை கடைசி வர.

கமருதீன்: எடே, நீ சாயாவ வச்சிட்டுக் கெளம்பு.

ராஜையன்: கேட்டாவ, சொன்னேன்.

நந்தனா: எங்க ஊரு கொட்டாரத்துல ஏப்ரல் பதினஞ்சுக்குத் தொடங்கும். ஜூன் பதினாலோட முடியும். சின்னமுட்டத்துல போட்டு இறங்கின மறுநாளு எங்க சந்தையில மீன் வெல பாதிக்கு வந்துரும். சின்னப்புள்ளையில இருந்து எனக்குத் தெரிஞ்ச தடை அது ஒண்ணுதான்.

ராஜையன்: அது கெழக்குக் கடலு. நமக்கு மேக்கு. ஜில்லா ஒண்ணு, கடலு ரெண்டுல்லா. தடையும் ரெண்டு.

நந்தனா: நான் உங்க பிளான்டுல மீட்டர் மாட்ட வந்தது ஜூன் பதினாறு. தடை முடியட்டும், வேலை சூடு பிடிக்கட்டும்னு காத்துக் கெடந்து வந்தேன். அண்ணையில இருந்து நாப்பத்தஞ்சு நாளு அளந்து, கருவி வைக்கதுக்கு முன்ன உள்ள சீசன் பில்லோட ஒப்பிட்டேன்.

ராஜையன்: ஆமா, ஓர்மை இருக்கு. நீங்க வந்த அண்ணைக்கு ரெண்டு கம்ப்ரசரையும் ஓட்டச் சொன்னாவ மொதலாளி. ஐஸ் எடுக்க ஆளு இல்ல பாத்துக்கிடுங்க. சாய்ங்காலம் நூத்திச் சொச்சம் கட்டிய ஓடையில கொண்டு தட்டினோம். மறுநாளு தொட்டு ஒரு கம்ப்ரசருதான் முழு நேரம், சின்ன வள்ளக்காரனுவளுக்கு. மத்தது மத்தியானம் வரைக்கும்தான்.

கமருதீன்: ராஜையா!

ராஜையன்: என்ன மொதலாளி?… மேடத்துக்குத் தெரியாதா?

கமருதீன்: நீ போய் உன் நாற்காலியில இரி. எவனாவது பிடிச்சிருவான்.

ராஜையன்: சஜ்னா அதுல பேனாவ வச்சு எடம் பிடிச்சிருக்காவ. சாப்பிட்டுட்டு கையெழுத்து போடணுமாம், அந்தக் காயிதத்தப் படிச்சுப் பாத்துட்டு இருக்காவ. என்கிட்ட கேட்டாவ, ‘அண்ணே, உங்க மொதலாளி சொல்லுகது நேருதானா’ன்னு. மொதலாளி மேடையில சொல்லுவாவ, கேளுங்கன்னு சொல்லியிருக்கேன்… போறேன், போறேன். தள்ளாதிய.

நந்தனா: …சாயா ஆறுது காக்கா.

கமருதீன்: இஞ்சேரு. நான் ஒரு பொய்யும் சொல்லல்ல. நீ தடை எப்பம்னு அண்ணைக்குக் கேட்டியா? கேக்கல்ல. நீயா வந்த, நீயா மாட்டின, நீயா கணக்குப் போட்ட.

நந்தனா: எத்தன ஐஸ் கட்டி எடுத்தியன்னு கேட்டேன். கட்டிக்கு எத்தன யூனிட்டுன்னு பாத்தா எந்த மாசம் அளந்தாலும் சரியா வந்திருக்கும். நோட்டு எழுதுகது இல்லன்னு சொன்னிய.

கமருதீன்: எழுதுகது இல்லதான்.

நந்தனா: ராஜையண்ணன் தெனமும் எழுதுதாவ. நீல அட்டை போட்ட நோட்டு. மீட்டருக்குப் பக்கத்துலயே ஆணியில தொங்குது.

கமருதீன்: அது அவனுக்க நோட்டு.

நந்தனா: நீங்க கொறை சொல்லவேண்டாம், தப்பு என்னுதுதான். மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தா தடை எப்பம்னு கேட்டிருப்பாரு. எனக்குத்தான் தெரியுமே, நான் இந்த ஜில்லாக்காரியாச்சே. அதனால கேக்கல்ல. ஆனா நான் தப்புல நிக்கேன்னு உங்களுக்கு எப்பம் தெரியும்?

கமருதீன்: நீ மீட்டரோட வாசல்ல வந்து இறங்கினப்பமே.

நந்தனா: சொல்லியிருக்கலாம்.

கமருதீன்: சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ சொன்ன, ‘நல்லா கொறஞ்சா மாநாட்டுல உங்களப் பேசக் கூப்பிடுவாவ’ன்னு… வாய மூடிட்டேன். போதுமா?

நந்தனா: நெசமா எவ்வளவு கொறஞ்சிருக்கும்?

கமருதீன்: எட்டு. கூடிப்போனா ஒம்பது.

நந்தனா: ஒம்பது மோசமில்ல. நல்ல கருவிதான். அதையே சொல்லுங்களேன்.

கமருதீன்: ஒம்பதுக்கு முதன்மை உரை குடுப்பாவளா?

நந்தனா: குடுக்க மாட்டாவ.

கமருதீன்: பாத்தியா.

நந்தனா: வெறும் பேச்சுன்னா நான் வந்து கேக்க மாட்டேன். சாப்பாட்டுக்குப் பொறவு பதினாலு பிளான்டுகாரங்க கையெழுத்து போடுதாவ. கருவி சும்மா கெடைக்கும். பதிலுக்கு, அனுமதிச்ச மின்சாரத்துல முப்பது சதவீதத்த அவிய மின்வாரியத்துக்கு நிரந்தரமா திருப்பிக் குடுக்கணும். நீங்க குடுக்கண்டாம், உங்களுது முன்மாதிரி பிளான்டு. அவிய குடுத்துருவாவ. தடை முடிஞ்சு போட்டு மொத்தமும் ஒரே நாளு கடல்ல இறங்கும்போ என்ன ஆவும்?

கமருதீன்: …ஐஸ் தெகையாது, பத்தாது.

நந்தனா: சஜ்னாவுக்கு கம்ப்ரசரே ஒண்ணுதான். அதுல முப்பது போனா?

கமருதீன்: ஓடும்… ஓடாது. ஐஸ் டப்பா முங்கிக் கெடக்க உப்புத் தண்ணி தணுத்துக் குளுராது. கட்டி நடுவுல உறையாம வெள்ளமாத்தான் நிக்கும்.

நந்தனா: மீனு?

கமருதீன்: என்கிட்ட எதுக்குக் கேக்க? நாறும்.

நந்தனா: பின்ன.

கமருதீன்: அவியளும் ஐஸ் போடுகவியதான? கொழந்தையளா? அறிக்கைய வாசிச்சா தெரியாதா?

நந்தனா: அறிக்கையில மாசம் இல்ல. ‘நாப்பத்தஞ்சு நாள்’னு மட்டும் இருக்கு. அதுவும் நான் எழுதினதுதான். மெட்ராஸ்காரரு முப்பத்தொண்ணுன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாவ, சாப்பிட்டுட்டுப் போயிருவாவ. குளச்சல் கமருதீன் சொன்னா நம்புவாவ. அதுக்குத்தான உங்களக் கூப்பிட்டது.

கமருதீன்: அப்பம் நீ சொல்லு. மேடையில ஏறி, ‘நான் தப்பா அளந்துட்டேன்’னு சொல்லு.

நந்தனா: நீங்க சொன்னா உங்க மரியாதை நிக்கும் காக்கா. ‘கணக்குல பிழை வந்துட்டு, நெசம் ஒம்பது’ன்னு ஒரு வரி. பிழை என் தலையிலயே இருக்கட்டும்.

கமருதீன்: உனக்கு வேலை போவும்.

நந்தனா: போவும்.

கமருதீன்: சும்மா போவாது. இந்தக் கணக்க வச்சுத்தான் பெரிய சாரு டெல்லி வரைக்கும் எழுதியிருக்காரு. வேற ஒருத்தனும் உன்னை எடுக்க மாட்டான். நாலு வருசமா தெனமும் கொட்டாரத்துல இருந்து பஸ்ஸேறி வந்திருக்க. உனக்கு வேண்டியும்தான் சொல்லுகேன்.

நந்தனா: எனக்கு வேண்டியா?

கமருதீன்: பாதி உனக்கு வேண்டி. மீதி… அங்க ஹமீதா இருக்கா. மருமவன் செல்போன தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கான், ஷார்ஜாவுல இருக்கவியளுக்கு நேரா காட்டுகதுக்கு. நான் போய் ஒம்பதுன்னு சொல்லி இறங்கவா? பள்ளிவாசலுக்கு எதுக்க கடை போட்டிருக்கவனுவ எல்லாம் என்னை ஒம்பதுன்னுதான் விளிப்பானுவ.

நந்தனா: ரெண்டு மாசம் விளிப்பானுவ. பொறவு மறந்துருவானுவ.

கமருதீன்: உனக்கு எங்க ஊரு தெரியாது.

நந்தனா: அது தெரியாமத்தான் இவ்வளவும்.

கமருதீன்: …பேச்சு உனக்கு நல்லா வருது.

நந்தனா: கை தட்டு கேக்குது. அவரு முடிச்சுட்டாரு. கடைசியா கேக்கேன் காக்கா. என்ன சொல்லப் போறிய?

கமருதீன்: இண்ணைக்கு ஒரு நாளு, முப்பத்தொண்ணு. நாளைக்கு நானே சஜ்னா வீட்டுக்குப் போவேன், ‘கையெழுத்த வாபஸ் வாங்கு மோளே’ன்னு சொல்லுவேன். மத்தவனுவளுக்கும் சொல்லுவேன். உன் வேலையும் நிக்கும், என் மரியாதையும் நிக்கும். ஒருத்தருக்கும் சேதமில்ல.

நந்தனா: நாளைக்கு வாபஸ் தர மாட்டாவ. சாய்ங்காலமே பதிவாயிரும்.

கமருதீன்: எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும்.

ராஜையன்: மொதலாளி! பேரு விளிக்காவ. ஹமீதாம்மா எழும்பி நின்னு பாக்காவ. வாருங்க!

கமருதீன்: வாறேன்… கோட்டு சரியா இருக்காடே?

ராஜையன்: பொத்தான் ஒண்ணு மாறிக் கெடக்கு. நில்லுங்க… ஆங். இப்பம் கொள்ளாம்.

கமருதீன்: நந்தனா, பின்னால திரையில படம் வருமில்லா? நம்பர் பெருசா வரணும். ஹமீதா கண்ணாடி கொண்டு வரல்ல.

நந்தனா: பெருசாத்தான் வரும்.

கமருதீன்: முகத்த அப்பிடி வைக்காத மோளே. முப்பத்தொண்ணுன்னு நான் சொல்லி முடிக்கவும் படம் வரணும். அதுக்கு முன்ன வந்துராம பாத்துக்கோ.

நந்தனா: நீங்க மைக்குக்கு முன்ன போய் நிக்கும்போதே வந்துரும் காக்கா. ஒம்பது. போட்டு ஓடின செப்டம்பர், அக்டோபர் பில்ல எடுத்துக் கணக்குப் பாத்து, படத்துல உள்ள நம்பர நேத்தே மாத்திட்டேன். எப்பிடி பிழை வந்துதுன்னும் வேலைய விடுதேன்னும் எழுதின காயிதம் பெரிய சாருக்க ஃபைல்ல இருக்கு, இன்னும் அவரு தொறக்கல்ல. திரையில வாறதுக்கு முன்ன உங்க வாயில வருமான்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் இங்க இருந்தேன்… போங்க, ரெண்டாம் தடவையும் பேரு சொல்லுதாவ.