பச்சை மேல் வெள்ளை

— இன்னும் தெரியுது தம்பி.

— ஈரத்துல அப்படித்தான் தெரியும் அண்ணி. காயட்டும்.

— நேத்தும் இதையேதான் சொன்ன. காஞ்சப்புறமும் பச்சை பல்லை இளிக்குது. ஜன்னல் பக்கம் நின்னு பாரு.

— முதல்ல நீங்க எங்கயாவது உக்காருங்க. நடக்குற நடையில ஏணி ஆடுது.

— எதுல உக்கார? நாற்காலியெல்லாம் வண்டி ஏறிடுச்சு. ஒரு பாயும் இந்தச் சுவரும்தான் மிச்சம்.

— காலி டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காருங்க.

— ஓனர் மறுபடி ஃபோன் பண்ணினார். சுவர் வெள்ளையானதும் சாவியைக் கொடுத்துடணுமாம். அதுவரைக்கும் இருந்துக்கலாமாம்.

— பெரிய மனசுதான்.

— ரெண்டு கோட்டிங்ல முடியும்னு சொன்னியாமே அவர்கிட்ட.

— சொன்னேன். சில சுவர் அடம் பிடிக்கும். இது அண்ணன் கலந்த பச்சையாச்சே. ஊர்ல அடிச்ச வீட்டுப் பெயிண்ட் மிச்சமெல்லாம் ஒரே வாளியில கொட்டிக் கிண்டிட்டு, எந்த ஷேட் கார்டுலயும் இது கிடைக்காதுடான்னு பெருமை வேற.

— ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு திட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். காலையில வெயில் பட்டப்புறம்தான் எனக்கே பிடிச்சுது. அதைச் சொல்லாம விட்டுட்டேன்.

— மேல சீலிங் ஓரம் பாருங்க. டேப் ஒட்டாம, வெறும் பிரஷ்ல இழுத்த கோடு. ஒரு நூல் பிசகல. நான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

— அவர் விழுந்த அன்னிக்குச் சாரத்துலயும் நீ கூட இருந்திருக்கலாம்.

— எனக்கு அன்னிக்கு வேற சைட்டு அண்ணி.

— குத்தமா சொல்லலப்பா. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

— பரவால்ல.

— அந்தக் கோடும் போயிடுமா?

— போகத்தான் வேணும். கடைசியா வச்சிருக்கேன்.

— தம்பி, ஓனர் பெயிண்ட் கடைக்காரர்கிட்ட சண்டைக்குக் கிளம்புறாராம். டப்பாவே மட்டம், ஏமாத்திட்டான்னு குதிக்கிறார்.

— போகட்டுமே. போய்ட்டு வர ஒரு நாள் ஆகும்.

— அப்படிச் சொல்லாத. கடைக்காரர் பாவம், பிள்ளைகுட்டிக்காரர். அவர்மேல தப்பில்ல.

— வேற யார் மேல?

— ஏணியை விட்டு இறங்கு, சொல்றேன்.

— இறங்கிட்டேன். சொல்லுங்க.

— நீ டீ குடிக்கப் போறப்பல்லாம் வாளியில நான்தான் தண்ணி ஊத்தினேன். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு... உன் தொழில் பேரைக் கெடுத்துட்டேன். திட்டிடு.

— எவ்வளவு ஊத்துனீங்க?

— ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பு.

— ஒரு சொம்புத் தண்ணிக்கெல்லாம் இந்தப் பெயிண்ட் இவ்வளவு இளகாது அண்ணி. மீதி நான் ஊத்தினது.