நாற்றம் அளக்க வந்தவர்கள்

செனாய் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒரே தெருக்காரர்கள் போல.

“நாத்தம் அளக்க வந்தவங்களுக்கு சாம்பிராணி போட்டுட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

“யாருக்குடி?”

“நம்ம தாமான் வீடுங்களோட கழிவுநீர்க் குளத்தை மாத்திக் கட்டணுமான்னு பார்க்க வந்த ஆபிசருங்களுக்கு.”

“அலமாக். எத்தனை புகார் கொடுத்து வரவழைச்சோம்.”

“வீட்டுக்கு ஆளு வராங்க. நாத்தத்துலயா உட்கார வைக்கிறது?”

“என்ன சொன்னாங்க?”

“காத்து நல்லாதான் இருக்காம். கட்ட வேணாம்னு எழுதிடுவாங்க போல. கெஞ்சிக் கேட்டதுல இன்னொரு தடவை வராங்க.”

“அன்னிக்காவது சும்மா இரு லா. எப்ப?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

மூத்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமைன்னா தெருவே சாம்பிராணி போடுமே. நானும்தான்.”